மூச்சுவழி ஆன்டிபயாடிக்: தீவிர சிகிச்சைப் பிரிவில் நிமோனியா கண்டவர்களின் குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்

டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மியர்பேங்க் பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஐசியு வாசலில் டாக்டர் ஆங்கிலத்தில் விளக்குவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டு வந்து, வீட்டில் முடிவு சொல்ல வேண்டிய பெரியவர்களுக்குப் பாதியை மட்டும் தமிழில் சொல்கிறார்கள். விட்டுப்போகும் அந்தப் பாதிக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டரின் முடிவுக்கு மாற்றாக இதை யாரும் கொள்ள வேண்டாம்.

அப்பா வேறு நோய்க்காகத்தான் சேர்க்கப்பட்டார். மருத்துவமனைக்குள்ளேயே நிமோனியா எப்படி வந்தது?

மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரம் கடந்தபின் தொடங்கும் நிமோனியாவை மருத்துவமனை நிமோனியா என்றும், தொண்டை வழியாக மூச்சுக்குழாயில் குழாய் செருகி வென்டிலேட்டரில் வைத்து 48 மணி நேரம் கடந்தபின் வருவதை வென்டிலேட்டர் நிமோனியா என்றும் பிரித்துச் சொல்வார்கள். குழாய் இருக்கும்வரை நோயாளியால் ஒழுங்காக இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. வாயிலும் தொண்டையிலும் தேங்கும் எச்சில், குழாயைச் சுற்றியுள்ள காற்றுப்பையின் ஓரமாகக் கசிந்து சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் இறங்குகிறது. குழாயின் உட்புறத்திலும் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. சிஸ்டர்கள் தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதும், வாயை அடிக்கடி சுத்தம் செய்வதும், ஒவ்வொரு நாளும் மயக்க மருந்தைக் குறைத்துப் பார்ப்பதும் இதைத் தடுக்கத்தான். இவ்வளவு செய்தும் சிலருக்கு வந்துவிடுகிறது. ஆகவே, நிமோனியா வந்தது என்பதை மட்டும் வைத்துக் கவனிப்பு சரியில்லை என்று முடிவு கட்டுவது நியாயமாகாது.

மூச்சுவழி ஆன்டிபயாடிக் என்பது என்ன?

வழக்கமாக நரம்பு ஊசி வழியே செலுத்தப்படும் ஆன்டிபயாடிக் மருந்தை நெபுலைசர் கருவியால் நுண்துளிப் பனியாக்கி, வென்டிலேட்டர் காற்றோடு நேராக நுரையீரலுக்குள் அனுப்பும் முறை இது. இதற்கு அதிகமாகப் பயன்படுபவை கோலிஸ்டின், அமிக்காசின், டோப்ராமைசின் ஆகியவை. மூச்சுவழி டோப்ராமைசின், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்றது. அந்த நோயாளிகளிடம் கிடைத்த அனுபவந்தான் பின்னர் ஐசியுவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆனால் அவர்கள் தாமே மூச்சை இழுப்பவர்கள். வென்டிலேட்டரில் கிடப்பவருக்கு இயந்திரம் மூச்சு கொடுக்கிறது. நுரையீரலும் சீழாலும் நீராலும் நிறைந்திருக்கிறது. அங்கே நன்றாக வேலை செய்தது இங்கேயும் அப்படியே செய்யும் என்று எதிர்பார்த்ததில்தான் பல ஏமாற்றங்கள் நேர்ந்தன.

ஊசி மருந்து ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறதே, இது எதற்கு?

அமிக்காசினும் கோலிஸ்டினும் இரத்தத்திலிருந்து நுரையீரலின் காற்றறைகளுக்குள் மிகக் குறைவாகவே கசிகின்றன. அங்கே போதுமான அளவு சேர வேண்டும் என்பதற்காக ஊசி அளவைக் கூட்டிக்கொண்டே போனால் சிறுநீரகம் கெடும். அமிக்காசினால் காதும் கெடும். அதே மருந்தைப் பனியாக அனுப்பினால் மூச்சுக்குழாய்களில் அதன் செறிவு, ஊசியால் எட்ட முடியாத அளவுக்கு உயர்கிறது; இரத்தத்தில் சேர்வதோ பொதுவாகக் குறைவு.

கருத்தளவில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல், நோயுற்ற நுரையீரலின் அமைப்பில் இருக்கிறது. நிமோனியா முற்றிய பகுதியில் காற்றே நுழைவதில்லை. காற்று நுழையாத இடத்துக்குப் பனியும் போவதில்லை. தூர்ந்துபோன வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டாலும் கரும்புக் காட்டின் கடைசிப் பாத்திக்கு எட்டாததைப் போல, மருந்து அதிகம் தேவைப்படும் இடத்திலேயே அது குறைவாகப் படிகிறது. இரத்த ஓட்டம் அந்தப் பகுதிக்கும் ஓரளவு போவதால், ஊசி மருந்தை நிறுத்தாமல் பனி மருந்தைத் துணையாகச் சேர்க்கிறார்கள். கிருமி இரத்தத்தில் பரவியிருந்தால் ஊசி மருந்து கட்டாயம் தேவை.

இவ்வளவு நல்ல கருத்து என்றால், எல்லா நோயாளிகளுக்கும் ஏன் தருவதில்லை?

ஏனெனில், பெரிய ஆய்வுகளில் அது உயிர் காக்கவில்லை. குடும்பத்தார் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

இவற்றில் மிகப் பெரியது, பல நாடுகளில் நடத்தப்பட்டு 2020இல் முடிவுகள் வெளியான இன்ஹேல் ஆய்வு. கிராம்-நெகட்டிவ் எனப்படும் பாக்டீரியா வகைக் கிருமிகளால் நிமோனியா வந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு வழக்கமான ஊசி மருந்தோடு, 12 மணிக்கு ஒருமுறை 400 மில்லிகிராம் அமிக்காசினைத் தனிவகை நெபுலைசரால் 10 நாள் கொடுத்தார்கள். மறு பிரிவினருக்கு மருந்தில்லாத பனியைக் கொடுத்தார்கள். கணக்கில் கொள்ளப்பட்ட 508 பேரில், சுமார் நான்கு வாரத்துக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் அமிக்காசின் பிரிவில் 75 விழுக்காடு, மற்றதில் 77 விழுக்காடு. அதாவது வேறுபாடு இல்லை. அதற்கு முன் 2017இல் வெளிவந்த, அமிக்காசினையும் பாஸ்போமைசினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் நோயாளிகளின் நிலை கூடுதலாகத் தேறவில்லை. தாய்லாந்தில் 100 பேரிடம் கோலிஸ்டின் பனியைச் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், சளியிலிருந்து கிருமி மறைவது கூடியது. நோயாளி குணமாவது கூடவில்லை.

சளிச் சோதனை சுத்தமாக வருவதும் ஆள் பிழைப்பதும் ஒன்றல்ல என்பதையே இந்த முடிவுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஐசியுவில் ஒருவர் இறப்பதற்குச் சிறுநீரகம், இதயம், முன்பிருந்த நோய் எனப் பல காரணங்கள் இருக்கும். நுரையீரல் கிருமி அவற்றில் ஒன்று மட்டுமே. எனவே, "டாக்டர் பனி மருந்து போடவில்லை, அதனால்தான் ஆயா தேறவில்லை" என்று மனத்தில் சுமந்துகொள்ள வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

அதே சமயம், இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்களில் பலருக்கு ஊசி மருந்துக்கே கட்டுப்படும் கிருமிகள் இருந்தன. வேறு மருந்தே இல்லாத நிலையில் பனி பயன்படுமா என்ற கேள்விக்கு அவை முழு விடை தரவில்லை. என் பார்வையில், இந்தச் சிகிச்சைக்கு எஞ்சியிருக்கும் நியாயமான இடம் அந்த இடைவெளிதான்.

அப்படியானால் யாருக்குத் தருகிறார்கள்?

அமெரிக்காவின் தொற்றுநோய் மருத்துவர் சங்கமும் நெஞ்சுநோய் சங்கமும் 2016இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, கிருமி அமிக்காசின் வகை மருந்துகளுக்கோ கோலிஸ்டின் வகைக்கோ மட்டுமே கட்டுப்படும் வென்டிலேட்டர் நிமோனியாவில் ஊசியோடு பனியையும் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது; அதற்கான சான்று பலவீனமானது என்பதையும் அதுவே ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய நுண்ணுயிரியல் வல்லுநர்கள் 2017இல் இன்னும் கண்டிப்பாக, சான்று போதாத நிலையில் இதை வழக்கமாகக் கையாள வேண்டாம் என்றார்கள். இரு தரப்பும் ஒரே ஆய்வுகளைப் படித்தவர்களே. டர்பனில் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னால், ஒருவருக்கு விஷயம் தெரியவில்லை என்று எண்ண வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்க ஐசியுக்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுவதற்குக் காரணம், அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் கார்பபெனெம் எனப்படும் வலிய ஆன்டிபயாடிக் வகைக்குக்கூட இங்கே பல இடங்களில் கட்டுப்படுவதில்லை என்பதே. அந்நிலையில் மிஞ்சுவது பல சமயம் கோலிஸ்டின். 1940களின் இறுதியில் ஜப்பானில் கண்டறியப்பட்ட இந்த மருந்து, சிறுநீரகத்தைக் கெடுப்பதால் ஒதுக்கிவைக்கப்பட்டு, வேறு வழியில்லாமல் மறுபடி எடுத்துவரப்பட்டது. அதையும் எதிர்த்து நிற்க உதவும் எம்சிஆர்-1 என்ற மரபணு 2015இல் சீனாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தென்னாப்பிரிக்காவில் கோழிகளிடமும் நோயாளிகளிடமும் அது காணப்பட்டதாகச் செய்தி வந்தது. கோலிஸ்டினை டாக்டர்கள் எண்ணி எண்ணிக் கொடுப்பதைக் கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் இதையும் கருத வேண்டும்.

நிமோனியா வராமலிருக்க முன்கூட்டியே இதைக் கொடுத்துவிடலாமே?

இதற்கு ஒரு பழைய கதையும் ஒரு புதிய கதையும் உண்டு. 1970களில் பாஸ்டனில் ஓர் ஐசியுவில் நோயாளிகள் அனைவருக்கும் பாலிமிக்சின் (கோலிஸ்டினின் குடும்பத்து மருந்து) பனியைத் தடுப்பாகத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். நிமோனியா கண்டவர்கள் மிகச் சிலரே; ஆனால் அவர்களிடம் வந்த கிருமிகள் பாலிமிக்சினுக்கு அடங்காதவையாக இருந்தன, இறப்பும் மிக அதிகமாக இருந்தது. 1975இல் வெளியான அந்த முடிவுக்குப் பின் பல்லாண்டுகள் இந்தப் பக்கம் பலர் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரான்சில் 19 ஐசியுக்களில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு வேறு வழியில் போனது. குறைந்தது 3 நாள் வென்டிலேட்டரில் இருந்துவிட்டவர்களுக்கு, உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அமிக்காசினை நாளுக்கு ஒருமுறை என 3 நாள் மட்டும் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். 28 நாளுக்குள் வென்டிலேட்டர் நிமோனியா வந்தவர்கள், மருந்து பெற்றோரில் 15 விழுக்காடு, பெறாதோரில் 22 விழுக்காடு. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆயினும் இறப்பு குறைந்ததாக அது காட்டவில்லை. எதிர்ப்புக் கிருமிகள் நிறைந்த ஐசியுவிலும் அதே பலன் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. எனவே இது எங்கும் வழக்கமாகிவிட்ட முறை என்று சொல்ல முடியாது.

எப்படிக் கொடுக்கிறார்கள்? பக்கத்தில் நின்றால் என்ன பார்ப்போம்?

வென்டிலேட்டரிலிருந்து நோயாளியை நோக்கிப் போகும் குழாயில், இரு குழாய்களும் சேரும் ஒய் வடிவ இணைப்புக்குச் சற்று முன்னால், மருந்துக் கிண்ணம் பொருத்திய சிறு கருவியைச் செருகுவார்கள். இப்போது விரும்பப்படுவது அதிரும் வலைத்தகடு வகை: நுண்துளைகள் கொண்ட மெல்லிய தகடு அதிர்ந்து மருந்தைத் துளிகளாக்குகிறது. பழைய காற்றழுத்த நெபுலைசரில் மருந்தின் கணிசமான பகுதி கிண்ணத்திலேயே தங்கிவிடும். துளி 1 முதல் 5 மைக்ரான் வரை இருக்க வேண்டும். பெரிதானால் பிளாஸ்டிக் குழாயிலும் பெரிய மூச்சுக்குழாயிலும் படிந்துவிடும், மிகச் சிறிதானால் உள்ளே போய் வெளிமூச்சில் திரும்பிவிடும்.

கோலிஸ்டின் தூளை உப்புநீரில் கரைக்கும்போது புட்டியைக் குலுக்காமல் மெல்லச் சுழற்றுவார்கள், குலுக்கினால் நுரைத்துவிடும். கரைத்ததைச் சேமித்து வைக்காமல் உடனே பயன்படுத்துவார்கள். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு: முன்கூட்டியே கரைத்து வைக்கும்போது மருந்து சிதைந்து நுரையீரலைத் தாக்கும் வடிவத்துக்கு மாறுகிறது. அவ்வாறு கரைத்து வைத்ததைப் பயன்படுத்திய ஒரு நோயாளி இறந்ததையொட்டி அமெரிக்க மருந்துத் துறை 2007இல் எச்சரிக்கை வெளியிட்டது.

பனி தொடங்குமுன் சிஸ்டர் ஈரப்பதமூட்டியை நிறுத்துவார் அல்லது வெப்ப-ஈர வடிகட்டியைக் கழற்றுவார். இல்லாவிட்டால் துளிகள் பருத்தோ வடிகட்டியில் சிக்கியோ வீணாகும். வென்டிலேட்டரில் காற்றோட்டத்தின் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு உள்மூச்சின் முடிவிலும் சிறு நிறுத்தம் வைப்பார்கள். நோயாளி இயந்திரத்தோடு முட்டிமோதி மூச்சு விட்டால் மருந்து படியாது என்பதால், அந்நேரத்துக்கு மயக்க மருந்தைச் சற்றுக் கூட்டுவதும் உண்டு. பார்க்கப்போன குடும்பத்தார் "காலையில் கண் திறந்தாரே, இப்போது ஏன் தூங்குகிறார்" என்று பதறுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். முடிந்ததும் ஈரப்பதமூட்டியை மறக்காமல் திரும்ப இயக்க வேண்டும். மறந்தால் சளி இறுகிக் குழாயை அடைக்கும்.

மருந்தின் பெயரைவிட இந்த ஏற்பாடுகளே பலனைத் தீர்மானிக்கின்றன என்று சொன்னால் மிகையில்லை.

இதனால் ஆபத்து உண்டா?

உண்டு. முதலாவது, மூச்சுக்குழாய் இறுகி இளைப்பு வருவது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதன் வாய்ப்பு அதிகம். மியர்பேங்க் போல எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே வளர்ந்து சிறுவயது முதல் ஆஸ்துமா பம்ப் (இன்ஹேலர்) வைத்திருப்பவர் என்றால், அதை டாக்டரிடம் கேட்காமலே சொல்லிவிடுங்கள். முன்னதாக மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்துத் தொடங்குவார்கள். ஊசிக்கென்று தயாரித்த மருந்துகளில் உள்ள பதப்படுத்தும் பொருள்களும் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டக்கூடும்.

இரண்டாவது, வெளிமூச்சுப் பக்கத்தில் உள்ள வடிகட்டி மருந்து படிந்து அடைபடுவது. அடைபட்டால் காற்று வெளியேற முடியாமல் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும். ஓர் ஆய்வில் இதனால் நோயாளிக்கு இதயத்துடிப்பு நின்று, பின் மீட்கப்பட்டார். அந்த வடிகட்டியை ஒவ்வொரு முறையும் மாற்றுவது இதற்காகவே. மூன்றாவது, ஆக்சிஜன் அளவு இறங்குவது. ஏற்கெனவே மிக மோசமான ஆக்சிஜன் நிலையில் இருப்பவருக்கு டாக்டர் இதை மறுத்தால், பெரும்பாலும் இந்த அச்சத்தால்தான்.

காது கேளாமல் போய்விடுமோ? எங்கள் உறவினர் ஒருவருக்கு டிபி ஊசியால் அப்படி ஆனது.

இந்தப் பயம் தென்னாப்பிரிக்காவில் இயல்பானது. மருந்துக்கு அடங்காத டிபிக்குப் பல மாதம் கனமைசின் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலர் செவித்திறனை இழந்தார்கள். 2018இல் நம் சுகாதாரத் துறை அந்த ஊசிகளைத் தவிர்த்து பெடாக்குயிலின் மாத்திரைக்கு மாறியதற்கு இதுவும் முக்கியக் காரணம். அமிக்காசினும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் பனியாகக் கொடுக்கும்போது இரத்தத்தில் சேர்வது குறைவு, காலமும் மாதக்கணக்கில் அல்லாமல் நாள்கணக்கில்தான். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு மட்டும் மருந்து உடலில் தேங்கக்கூடும் என்பதால் இரத்தத்தில் அதன் அளவைச் சோதிப்பார்கள். ஊசியும் பனியும் ஒரே மருந்தாக இருந்தால் இரண்டின் பாதிப்பும் சேரும். நோயாளிக்கு முன்பே காது மந்தம் இருந்தால் தெரிவித்துவிடுங்கள்.

நிமோனியா என்கிறார்கள், டிபியாக இருந்தால்?

கேட்க வேண்டிய கேள்விதான். அமிக்காசின் டிபி கிருமியையும் தாக்கும் மருந்து. டிபியை அறியாமல் அதை மட்டும் கொடுத்தால் நோய் அரைகுறையாக அடங்கிக் கண்டறிவது தள்ளிப்போகலாம். ஆகவே சந்தேகம் இருந்தால் முதலில் சளியை டிபியைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கு அனுப்புவார்கள். பனி எழும்பும் சிகிச்சையில் கிருமி காற்றில் பரவும் வாய்ப்பும் இருப்பதால், ஊழியர்கள் முகக்கவசம் அணிந்து உங்களை வெளியே நிற்கச் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் நெபுலைசர் இருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் இதைத் தொடரலாமா? நீராவி பிடித்தால் போதாதா?

இரண்டும் வேண்டாம். ஆஸ்துமாவுக்கு வாங்கிய கருவியில் டாக்டர் எழுதித் தராத ஆன்டிபயாடிக் எதையும் ஊற்றக் கூடாது. யூகலிப்டஸ் போட்ட நீராவி மூக்கடைப்புக்குச் சுகம் தரும். நிமோனியாக் கிருமியை அது ஒன்றும் செய்யாது, நடுங்கும் கையோடு இருப்பவருக்கு வெந்நீர்ப் பாத்திரம் ஆபத்தும்கூட.

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) பணம் கொடுக்குமா?

வென்டிலேட்டர் நிமோனியாவுக்கென்று அனுமதி பெற்ற மூச்சுவழி ஆன்டிபயாடிக் எதுவும் இல்லை; டாக்டர்கள் வேறு நோக்கத்துக்கு அனுமதிக்கப்பட்டதைத் தம் பொறுப்பில் பயன்படுத்துகிறார்கள். கோலிஸ்டின் இந்நாட்டில் நெடுங்காலம் பதிவு பெறாத மருந்தாகவே இருந்து, 1965ஆம் ஆண்டின் 101ஆம் எண் மருந்துச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி தனி அனுமதி பெற்றே வரவழைக்கப்பட்டது. எனவே தனியார் மருத்துவமனையில், கல்ச்சர் (சளியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவை இணைத்து, இந்த மருந்து ஏன் தேவை என்று விளக்கும் மோட்டிவேஷன் கடிதத்தை டாக்டர் மெடிக்கல் எய்டுக்கு எழுத வேண்டியிருக்கலாம். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று குடும்பத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பது உதவும். அரசு மருத்துவமனையில் தனிக் கட்டணம் என்ற பேச்சு எழாது. மருந்தும் வலைத்தகடு நெபுலைசரும் அங்கே இருக்கின்றனவா என்பதே கேள்வி.

டாக்டரிடம் எதைக் கேட்பது?

"பனி மருந்து கொடுங்கள்" என்று கேட்பதைவிட, கல்ச்சரில் எந்தக் கிருமி வந்தது, எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று கேளுங்கள். ஊசிக்கே கட்டுப்படும் கிருமி என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கட்டுப்படாது என்றால், பனி சேர்ப்பது பற்றி அவர் கருத்து என்ன, எந்த வகை நெபுலைசர் உள்ளது, ஆக்சிஜன் நிலை அதைத் தாங்குமா என்று கேட்கலாம். வீட்டார் ஐந்து பேர் ஐந்து வேளை கேட்பதற்குப் பதிலாக, மூத்த மகனோ மகளோ ஒருவர் மட்டும் கேட்டு எழுதிவைத்துக்கொண்டால் சொல் மாறாது.

எத்தனை நாள் கொடுப்பார்கள்? எப்போது நிறுத்துவார்கள்?

வென்டிலேட்டர் நிமோனியாவுக்கு ஊசி மருந்தே பொதுவாக 7 நாள்தான். பனி மருந்தும் பெரும்பாலும் அதையொட்டியே முடியும். எதிர்ப்புக் கிருமியோ மெதுவாகத் தேறும் உடலோ என்றால் சற்று நீளலாம். காய்ச்சல் இறங்குவது, வென்டிலேட்டரில் ஆக்சிஜன் தேவை குறைவது, உறிஞ்சி எடுக்கும் சளி தெளிவது ஆகியவற்றையே டாக்டர் கவனிப்பார். எக்ஸ்ரே தெளிய வாரங்கள் ஆகும் என்பதால் அதற்காகக் காத்திருப்பதில்லை. மருந்து நின்றபிறகும் சளியில் அதே கிருமி கிடைக்கலாம். காய்ச்சலோ மூச்சுச் சிரமமோ இல்லாமல் கிருமி மட்டும் அங்கே தங்கியிருந்தால், அதற்காக மறுபடி ஆன்டிபயாடிக் தொடங்குவதில்லை.